நிமிர்ந்த படம் வேண்டாம் என்று சொன்னவனுக்கு

தம்பி,

உன் கதிரை இன்று காலை என் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தது. உன் மனைவி தர்ஷினிதான் ஓட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தாள். சில்லுக் கால்கள் ஒரு பக்கத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஓட்டோக்காரர் இறக்கி வைத்துவிட்டு, "ஓபீசை விடுகினமாம் நானா. இதை உங்களுக்குக் குடுக்கச் சொல்லி அக்கா சொன்னவ" என்றார். தலை சாயும் இடத்தில் துணி கறுத்துப் போயிருக்கிறது. நீ நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் மணம் இன்னும் அதில் இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். நான் அதில் உட்காரவில்லை. சுவரைப் பார்க்கத் திருப்பி ஒரு மூலையில் தள்ளி வைத்திருக்கிறேன். உன்மேல் இருக்கும் கோபத்தைக் காட்ட இப்போதைக்கு எனக்கு அந்தக் கதிரைதான் கிடைத்தது.

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. முப்பத்தோராம் நாளுக்கு உன் வீட்டில் நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். செத்த வீடு முடிந்த கையோடு தர்ஷினி என்னிடம் கேட்டாள்: "ஒரு பக்கம் நீங்கள் எழுதித் தரவேணும் நானா. உங்களைவிட ஆருக்கு அவரைத் தெரியும்?" நானும் பெரிய மனிதனாட்டம் தலையாட்டினேன். எழுதவும் எழுதினேன். நல்லவன், வல்லவன், நம்பினவரைக் கைவிடாதவன் என்றெல்லாம் கண் கலங்க எழுதி வைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் நிலாவெளிக்குப் போனேன். போய்வந்த அன்றே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். தர்ஷினி தினமும் போன் எடுக்கிறாள், அச்சகத்தில் கேட்கிறார்களாம். மலருக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று தெரியாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இது அச்சுக்குப் போகிற பக்கம் இல்லை. உனக்கு மட்டும்.

நாம் பழகிய கதையை உனக்கே சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்கத்தான் வேண்டும், எந்த இடத்தில் நான் ஏமாந்தேன் என்று எனக்கே விளங்குவதற்காக.

நான் கிண்ணியாவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு வந்து, படம் கழுவி, அல்பம் கட்டிக்கொண்டு திரும்பிப் போகிறவன். நீ துறைமுக வீதியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இணையத்தளம் செய்து கொடுக்கும் தொழில் தொடங்கியிருந்தாய். கரையோர ஹோட்டல்களுக்கெல்லாம் அப்போது இணையத்தளம் வைக்கும் ஆசை வந்திருந்தது. தளம் என்றால் படம் வேண்டும். உனக்குப் படம் எடுக்க வராது. எனக்குக் கம்ப்யூட்டரின் சுவிட்ச் மட்டும்தான் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் நான் கதிரைமேல் ஏறி நின்று படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே, "நானா, எங்களோட சேந்து வேலை செய்வீங்களோ?" என்று நீ கேட்டாய். மறுநாளே நான் உன் மேல்மாடியில் இருந்தேன்.

நமக்கு வந்த முதல் பெரிய வேலை நிலாவெளி முதலாளியின் ஹோட்டல். நான் ஒரு கிழமை அங்கேயே கிடந்து எடுத்தேன். எனக்கு நிமிர்ந்த படம்தான் கைவந்தது என்பது உனக்குத் தெரியும். கெமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, மனிதனைத் தலையிலிருந்து கால்வரை எடுக்க வேண்டும். மணப்பெண்ணை அப்படித்தான் எடுத்துப் பழகினேன். சீலையின் கரை நிலத்தில் விழும் இடம் வரைக்கும் படத்தில் வராவிட்டால் பெண் வீட்டார் விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் சல்லி ஊர்க் கரையில் மீன் பிடிக்கும் அந்தக் கிழவரையும் எடுத்தேன். வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். வலையிலிருந்து தண்ணீர் நேராகக் கீழே வடிந்துகொண்டிருந்தது. காலடியில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து, இரண்டு பாதமும் மணலில் பதிந்திருப்பது தெரிந்தது. வாழ்க்கையில் நான் எடுத்த படங்களில் எதைக் காட்டச் சொன்னாலும் அதைத்தான் காட்டுவேன் என்று அன்றைக்கே நினைத்தேன்.

நீ அந்தப் படங்களுக்கு ஒரு வித்தை செய்து வைத்தாய். பக்கத்தில் சின்னதாகத் தெரியும் படத்தைத் தொட்டால், திரை மங்கி, நடுவில் படம் பெரிதாக விரியும், அதைச் சுற்றி வெள்ளைச் சட்டம் வரும். சட்டம் சரியாக விழவேண்டுமென்றால் படத்தின் அகலமும் உயரமும் நீ எழுதிய நிரலுக்கு, அந்த ஸ்கிரிப்டுக்கு, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் உனக்குத் தலையிடி தொடங்கியது. ஒவ்வொரு உலாவியும் ஒவ்வொரு பதில் சொல்லும். படம் வந்து சேருவதற்கு முதல் அளவைக் கேட்டால் ஒன்று பூச்சியம் என்னும், இன்னொன்று படம் வரவேண்டிய வெறும் பெட்டியின் அளவைச் சொல்லும். சரி, படம் வந்துவிட்டது என்ற சைகை கிடைக்கும்வரை காத்திருப்போம் என்றால், முன்பே பார்த்து நினைவில் வைத்திருக்கும் படத்துக்குச் சில உலாவி அந்தச் சைகையைத் தரவே தராது. சட்டம் திறக்காமலே கிடக்கும். நீ மூன்று உலாவியைப் பக்கம் பக்கமாகத் திறந்துவைத்துக்கொண்டு தலையில் தைலம் தேய்த்தபடி ஏசிக்கொண்டிருப்பாய். எனக்கு விளங்கியது பாதிதான். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தேன், தேத்தண்ணி ஊற்றித் தந்தேன், நீ ஏசும்போது நானும் சேர்ந்து ஏசினேன்.

ஒரு நாள் திடீரென்று, "முடிஞ்சுது நானா! எல்லா பிரௌசரிலயும் அளக்குது" என்று கதிரையோடு ஒரு சுற்றுச் சுற்றினாய். என் கிழவர் உன் திரையில் நிமிர்ந்து நின்றார். பாதம் வரைக்கும் தெரிந்தது. நாம் கீழே இறங்கிப் போய்க் கடற்கரையில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். டவுனுக்குள் திரியும் மான்கள் வந்து மேசையைச் சுற்றி நின்றன. நீ உன் ரொட்டியில் பாதியை அவற்றுக்குப் போட்டாய்.

பிறகு முதலாளி கூப்பிட்டார். அவருடைய மேசையில், அவருடைய கம்ப்யூட்டரில், என் கிழவர் பூசணிக்காய் மாதிரி உப்பி நின்றார். தோள் இரண்டும் பக்கவாட்டில் இழுபட்டு, கால் குட்டையாகி, வலை வைக்கோல் பொதி மாதிரிக் கிடந்தது. வெள்ளைக்காரர் இரண்டு பேர் பின்னால் நின்று சிரித்தார்கள். நிமிர்ந்த படம் அத்தனையும் அப்படித்தான் இருந்தது. படுத்த படங்கள், அகலவாக்கில் எடுத்தவை, ஒரு குறையுமில்லாமல் இருந்தன. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ முதலாளியின் முகத்தைப் பார்த்தாய். "அது படத்தின்ர அளவில ஒரு பிழை இருக்குது. நானா தன்ர விருப்பத்துக்கு ஒவ்வொரு அளவில எடுக்கிறவர். நான் சொல்லித் திருத்துறன்" என்றாய்.

அன்றைக்கு நீ சொன்னதை நான் குற்றமாக எடுக்கவில்லை. உண்மையிலேயே நீ அப்படி நினைத்திருக்கலாம். இப்போதும் அந்த ஒரு நாளை உனக்கு விட்டுத் தருகிறேன். வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். என் கெமராவில் என்ன பிழை, என் கையில் என்ன பிழை என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இத்தனை கல்யாணப் படம் எடுத்தவனுக்கு ஒரு படத்தை ஒழுங்கான அளவில் எடுக்கத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நோன்பு மாதம் வந்தது. நீ என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டு, "நானா, ஒரு வழிதான் இருக்கு. இனிமேல் நிமிந்த படம் வேண்டாம். எல்லாம் படுத்த படமா எடுங்கோ. முன்னம் எடுத்ததுகளையும் வெட்டிப் படுக்க வைச்சிடுவம்" என்றாய். எப்படி வெட்டுவது என்றும் காட்டித் தந்தாய். நான் உட்கார்ந்தேன். நோன்பு வைத்துக்கொண்டு, வெயில் யன்னலால் முதுகில் அடிக்க, ஒவ்வொரு படமாக வெட்டினேன். கிழவருக்கு நெஞ்சுக்குக் கீழே வெட்டு விழுந்தது. தண்ணீர் போயிற்று. பாதம் போயிற்று. ஒரு முகமும் கொஞ்ச வலையும் மிஞ்சின. பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். எனக்கு அப்போது அதற்குமேல் தெரியாது. நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "இப்ப சரி நானா" என்றாய்.

அந்த மாதம் முழுவதும் என் முன்னால் நீ ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை. கீழே கடையிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால், "கொண்டு போங்கோ, நானா இருக்கிறார்" என்று திருப்பி அனுப்புவாய். நான் குடி குடி என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. அதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் வீட்டில் சொன்னேன், பள்ளிவாசலில் சொன்னேன். எனக்காகத் தாகத்தை அடக்கிக்கொண்டு இருக்கிற ஒரு தமிழ்ப் பொடியன் டவுனில் இருக்கிறான் என்று பெருமையடித்தேன்.

அதன் பிறகு நான் கெமராவைத் திருப்பிப் பிடித்ததே இல்லை. ஹோட்டலுக்கு மட்டுமில்லை, கல்யாண வீட்டிலும் அப்படியே பழகிவிட்டது. "நானா, பொம்பிளை நிக்கிற படம் ஒண்டும் இல்லையே" என்று அல்பம் பார்த்துக் கேட்டவர்களுக்கு, "இப்ப இதுதான் ஸ்டைல்" என்று மழுப்பினேன். கல்யாண வேலை மெல்ல மெல்ல வேறு ஆட்களிடம் போயிற்று. போகட்டும், ஹோட்டல் வேலை இருக்கிறதே, தம்பி இருக்கிறானே என்று இருந்தேன்.

இப்போது நிலாவெளிக் கதைக்கு வருகிறேன். போன கிழமை முதலாளி கூப்பிட்டார். வெளிநாட்டுக்காரர் வரும் காலம் தொடங்கப் போகிறது, தளத்தில் புதுப் படம் போடவேண்டும், நீ இல்லாததால் நான்தான் செய்து தரவேண்டும் என்றார். உன் பக்கத்தில் இருந்து பழகியதில் படத்தை ஏற்றவும் இறக்கவும் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். போனேன். வழக்கம்போலப் படுத்த படங்களாக எடுத்துக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"நானா, குறை நினைக்க வேண்டாம். இந்தத் தென்னையை நிமித்தி எடுத்தால் எவ்வளவு வடிவு? தம்பியும் இப்ப இல்லை. அந்தப் பிழையை வேற ஆரையும் கொண்டு திருத்தேலாதோ?"

"எந்தப் பிழை முதலாளி?"

"அதுதான், அந்தப் படத்தை இழுக்கிற பிழை. அவற்ர ஸ்கிரிப்டில இருந்தது."

நான் சிரித்தேன். "பிழை என்ட படத்தில முதலாளி. உங்களுக்கு முன்னாலதானே சொன்னான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்களுக்கு அவர் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "அதுக்குப் பிறகு என்ர மகள் எடுத்த படம் கொஞ்சம் போடக் குடுத்தனான். அதுவும் அப்பிடித்தான் உப்பி வந்தது. உங்கட கெமராவும் இல்லை, உங்கட கையும் இல்லை. அப்ப பிடிச்சுக் கேட்டனான். அவர் ஒத்துக்கொண்டவர். படம் வர முதல் அந்த ஸ்கிரிப்ட் அளவு கேக்குதாம், கிடைக்காட்டி அவர் போட்டு வைச்ச அளவைப் பாவிக்குதாம், அது படுத்த அளவாம். தன்ர கம்ப்யூட்டரில முன்னமே பாத்த படம் எண்டதால அங்க சரியா வந்ததாம். திருத்த நாள் எடுக்கும், அதுமட்டும் படுத்த படமாப் போடுவம் எண்டவர்."

"எப்ப முதலாளி இது?"

"உங்கட நோன்புக்கு முன்னம். எனக்கு நல்ல ஞாபகம். நானாவிட்டச் சொல்லும், அந்த மனிசன் மனம் நொந்து போயிருக்கு எண்டு நான் சொன்னனான். இப்ப சொன்னால் நோன்போட கவலைப்படுவார், நோன்பு முடியட்டும், நானே சொல்லுறன் எண்டவர். நான் நினைச்சன் நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுத்தான் இப்பிடிச் செய்யிறியள் எண்டு."

நோன்புக்கு முன்னம். நான் வெட்டியது நோன்பில். என் பக்கத்தில் நின்று, தாகத்தோடு நின்று, "இப்ப சரி நானா" என்று நீ சொன்னபோது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

முதலாளி தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது என்ன யோசித்தேன் என்று ஞாபகமில்லை. நிலாவெளி வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசிப்போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஸ்டூடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒருவேளை முதலாளிக்கு வயது போய்த் தடுமாறுகிறாரோ என்ற ஒரு நப்பாசை. முதலாளி எப்போதோ அனுப்பிய, அவருடைய பேரப்பிள்ளை நிற்கும் நிமிர்ந்த படம் ஒன்று என் போனில் இருந்தது. அதை ஒருவர் கண்ணிலும் படாத ஒரு பக்கத்தில் ஏற்றினேன். உலாவியின் நினைவைத் துடைத்துவிட்டுத் திறந்தேன். பிள்ளை தவளை மாதிரிப் பரந்து விரிந்தது. மூடிவிட்டு மீண்டும் திறந்தேன். இப்போது படம் ஏற்கனவே வந்து கிடந்ததால் பிள்ளை ஒழுங்காக நிமிர்ந்து நின்றது. வேறு உலாவியில் போட்டேன், போனில் போட்டேன். முதல் தரம் தவளை, இரண்டாம் தரம் பிள்ளை. பிறகு உன் ஸ்கிரிப்டை வாசித்தேன். எழுத வராவிட்டாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு நீயே என்னைக் கெடுத்து வைத்திருக்கிறாய். அளவு பூச்சியம் என்றால் இதைப் போடு என்று நீ எழுதி வைத்த அகலமும் உயரமும் அங்கே இருந்தன. அந்த அகலமும் அந்த உயரமும் எனக்குத் தெரிந்தவை. படங்களை வெட்டுவதற்கு நீ எனக்குத் தந்த அளவும் அதுதான்.

கெட்டிக்காரனடா நீ. நிரலைத் திருத்துவதைவிட என்னைத் திருத்துவது உனக்கு லேசாக இருந்திருக்கிறது. உன் ஸ்கிரிப்ட் எதையும் அளக்கவில்லை. அது சொன்ன அளவுக்கு நான் என் படங்களை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அது அளந்துவிட்டதாக ஊர் நம்பியது. அத்தனை உலாவியிலும் சரியாக நடந்தது நான்தான்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். அந்த நாளில் அது லேசான வேலை இல்லை என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். இப்போது உலாவிகள் ஓரளவுக்கு ஒரே மாதிரி நடக்கின்றன. படம் முன்னமே வந்துவிட்டதா என்று முதலில் கேட்டு, வந்திருந்தால் உடனே அளந்து, வராவிட்டால் சைகைக்குக் காதைத் தீட்டிவைத்த பிறகு படத்தின் முகவரியைக் கொடுத்து, திரையில் தெரியும் அளவை விட்டுவிட்டுப் படத்தின் சொந்த அளவைக் கேட்டால் சரிவருகிறது. இணையத்தில் தேடி, பிழைவிட்டுப் பிழைவிட்டு, நானே அதைச் செய்து முடித்தேன். பிள்ளை இப்போது முதல் தரமே நிமிர்ந்து நிற்கிறது. உனக்கு அது அன்று முடியாமல் போனதில் எனக்குக் கோபமில்லை. முடியவில்லை நானா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உன்னோடு சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஏசிக்கொண்டு இருந்திருப்பேன். கிழவரின் காலையாவது காப்பாற்றியிருப்பேன்.

நோன்பு முடியட்டும் என்றாயாம். பெருநாளன்று நீயும் தர்ஷினியும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வட்டிலப்பம் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். என் மனைவி உன் தட்டில் இன்னும் ஒரு துண்டு வைத்து, "எங்கட மனிசனுக்குத் தொழில் காட்டித் தந்த பிள்ளை" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாய். கூச்சம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனை பெருநாள் வந்து போய்விட்டது! ஒவ்வொன்றுக்கும் நீ வந்தாய், ஒவ்வொன்றிலும் சாப்பிட்டாய். முதலாளிக்குத் தெரிந்திருந்தது. அவர் மகளுக்கும் தெரிந்திருக்கும். வேலை செய்த எனக்கு மட்டும் தெரியாது. என்னிடம் மட்டும் ஏன் சொல்லக்கூடாது என்று நினைத்தாய்? கோபப்படுவேன் என்றா? கோபப்பட்டிருப்பேன்தான். கத்தியிருப்பேன், கதிரையைத் தூக்கிப் போட்டிருப்பேன், ஒரு மாதம் பாலத்தைக் கடந்து டவுன் பக்கம் வராமல் இருந்திருப்பேன். பிறகு வந்திருப்பேன். நான் வருவேன் என்று உனக்குத் தெரியாதா?

ஒன்று மட்டும் எனக்கு இப்போது பிடிபடுகிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்த பின்னேரம். பார்வை நேரம் முடியப்போகிறது என்று தாதி சொல்லிவிட்டுப் போனாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானா, இப்பவும் படுத்த படம்தான் எடுக்கிறீங்களோ?" என்று கேட்டாய். நோயாளி என்னவோ கேட்கிறான் என்று நான் உற்சாகமாகச் சொன்னேன்: "வேற என்ன? நீ சொன்ன நாள்தொட்டு அப்படித்தான். கை பழகிப் போயிட்டு." நீ என் கையை விட்டுவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். களைத்துவிட்டாய் என்று நினைத்து, போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

நீ சொல்லத்தான் வந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். நினைக்க நினைக்கக் கோபம் குறையும் என்று பார்த்தால், கூடுகிறது. சொல்ல வந்தவன் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கட்டிலிலேயே உன்னை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். தாதி வந்து என்னை வெளியே அனுப்பியிருப்பாள். அடுத்த நாள் தோடம்பழத்தோடு வந்து நின்றிருப்பேன். உன்னை ஏசவும் விடவில்லை, ஏசிவிட்டு மன்னிக்கவும் விடவில்லை. அதையும் வாயை மூடிக்கொண்டு உன்னோடு எடுத்துப் போய்விட்டாய். உள்ளதைச் சொன்னால், வெட்டுப்பட்ட படங்களைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

கதிரையை மூலையில் தள்ளிவிட்டு, பின்னேரம் தர்ஷினியிடம் போனேன். எல்லாவற்றையும் அவள் முன்னால் கொட்டிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட அதே முடிவுதான். அவள் மேசையில் மலருக்கான தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தனியே இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். மெலிந்து போயிருக்கிறாள்.

"நானா, எழுதினீங்களோ?"

"இன்னும் இல்ல தங்கச்சி. இரவைக்குத் தாறன்."

"பரவாயில்லை. உங்களிட்ட இன்னொண்டும் கேக்கவேணும் எண்டு இருந்தனான்." அட்டைக்கு ஒதுக்கியிருந்த வெறும் தாளை என் பக்கம் திருப்பினாள். "முன்பக்கத்தில அவர் நிக்கிற படம் ஒண்டு முழுசாப் போட ஆசை. தலையில இருந்து கால்மட்டும். என்னட்ட இருக்கிறதெல்லாம் பாஸ்போட் படம். உங்களிட்ட எத்தினை இருக்கும்!"

என்னிடம் எத்தனையோ இருக்கின்றன. வள்ளத்தில் நீ, மேசையடியில் நீ, மானுக்கு ரொட்டி போடும் நீ, எங்கள் வீட்டு வாசலில் நீ. எல்லாம் படுத்த படம். ஒன்றில் இடுப்போடு நிற்கிறாய், ஒன்றில் முழங்காலோடு நிற்கிறாய். உன் பாதம் தெரிகிற ஒரு படம் என்னிடம் கிடையாது. மனதுக்குள்ளேயே ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தேன், கிடையாது.

"நிக்கிற படம் இல்ல தங்கச்சி" என்றேன்.

"உங்களிட்டயே இல்லையோ நானா? ஏன்?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளிடமும் நீ சொல்லவில்லை. சொல்ல வந்த கதை முழுவதும் என் நாக்கில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அவனுக்குப் படுத்த படம்தான் விருப்பம் தங்கச்சி. நிமிர்ந்த படம் வேணாம் நானா, வேணாம் நானா எண்டு நிப்பான். நான் என்ன செய்ய?"

அவள் சிரித்தாள். கண் நிறையத் தண்ணீரோடு சிரித்தாள். "ஓம் நானா, எல்லாத்திலயும் அவருக்கு ஒரு பிடிவாதம்தானே" என்று, இடுப்போடு வெட்டின படமானாலும் பரவாயில்லை, நல்லதாக ஒன்று பார்த்துத் தரச் சொன்னாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்தேன்.

மலருக்கு நான் எழுதப்போவது நீ என் முன்னால் தண்ணீர் குடிக்காமல் இருந்த கதையைத்தான். அது உண்மை, அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மிச்சத்தை இங்கே எழுதி முடித்துவிட்டேன். ஆனால் எழுதினால் இறங்கிவிடும் என்று நினைத்த பாரம் இறங்கவில்லை. நீ எனக்குச் சொன்ன பொய்யை இனி நான்தான் காக்க வேண்டும். இன்றைக்குப் பின்னேரம் அதை உன் மனைவிக்குச் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினாள், நான் உன்னை நம்பிய மாதிரியே.